தோளுக்குப் பின்னால் பார்த்தவர்

பள்ளிக் கால்பந்து அணியில் எனக்கு ஸ்டாப்பர் இடம், கோலுக்கு முன்னால் நின்று எதிரணியைத் தடுக்கும் இடம். பயிற்சி நேரத்தில் எங்கள் மாஸ்டர் சத்தம் காட்டாமல் பின்னால் வந்து என் தோளைத் தொடுவார். அவர் வந்ததை நான் கவனிக்காமல் இருந்துவிட்டால் மைதானத்தை ஒரு சுற்று ஓட வேண்டும். பந்து எங்கே உருண்டாலும் இரண்டு மூன்று விநாடிகளுக்கு ஒருமுறை கழுத்தைத் திருப்பி, முதுகுப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதே பாடம். முதல் மாதம் முழுக்க ஓடிக்கொண்டேதான் இருந்தேன். பிறகு மெல்லக் கழுத்து பழகியது. ஆட்டத்தை விட்டு எத்தனையோ வருடங்கள் ஆகியும் தொலைக்காட்சியில் போட்டி பார்க்கும்போது என் கண் முதலில் போவது ஸ்டாப்பரின் கழுத்துக்குத்தான்.

டென்மார்க்கின் சிமோன் கெயரை எனக்குப் பிடித்துப்போனதும் அப்படித்தான். ஓட்டத்தில் அவர் வேகமானவர் இல்லை. அவரைவிட வேகமான முன்கள ஆட்டக்காரர்கள் ஐரோப்பாவில் தெருவுக்கு ஒருவர் உண்டு. ஆனாலும் பந்து வந்து விழும் இடத்தில் அவர் ஏற்கெனவே நிற்பார். எப்படி என்று அவரை மட்டும் தனியாகக் கவனித்தால் தெரியும்: தலை ஓயாமல் திரும்பிக்கொண்டே இருக்கும்.

உலகத்தில் பாதிப் பேருக்கு அவரை ஒரே ஓர் இரவின் பெயரால்தான் தெரியும். அந்த இரவைப் பற்றி நானும் எழுதத்தான் போகிறேன். ஆனால் அது எங்கிருந்தோ வந்து விழுந்த அற்புதம்போலப் பேசப்படுவது எனக்கு ஆற்றாமையைத் தருகிறது. அதற்கு முன்னால் பதினேழு வருட உழைப்பு இருக்கிறது. அதைச் சொல்லாமல் அந்த இரவை மட்டும் சொல்வது நியாயமாகாது.

கெயர் 1989 மார்ச் 26 அன்று ஹோர்சன்ஸ் நகரில் பிறந்தார். அவருடைய குடும்பப் பெயருக்கு டேனிஷ் மொழியில் சதுப்பு நிலம் என்று பொருள். அதே ஒலியுள்ள இன்னொரு சொல்லுக்கு 'அன்புக்குரிய' என்று பொருள். கடிதம் எழுதத் தொடங்கும்போது அந்தச் சொல்லைத்தான் முதலில் போடுவார்கள்.

யூட்லாந்தின் நடுப்பகுதியில் 1999இல் இரண்டு சிறிய கிளப்புகள் இணைந்து மிட்யூலாண்ட் என்ற கிளப் உருவானது. டென்மார்க்கில் முதன்முதலாகக் கால்பந்துக்கென்று தனி அகாடமி தொடங்கியவர்கள் அவர்கள். 2004இல் பதினைந்து வயதுப் பையனாகக் கெயர் அங்கே சேர்ந்தார். அவருடைய தந்தை அதே கிளப்பில் சட்டை, பந்து, காலணிகளுக்குப் பொறுப்பாளர். அப்போது அங்கே இளைஞர் அணிகளுக்குப் பயிற்சியாளராக இருந்த ராஸ்மஸ் ஆங்கர்சன் பின்னாளில் சொன்ன கதை ஒன்று உண்டு. அகாடமியில் ஓர் இடம் மீதம் இருந்ததாம். வேறு யாரும் கிடைக்காததால் அதைப் பொறுப்பாளரின் மகனுக்குக் கொடுத்தார்களாம். சில மாதங்கள் கழித்து, இந்தப் பையன்களில் மிக உயரத்துக்குப் போகப்போகிற ஐந்து பேரின் பெயரை எழுதித் தாருங்கள் என்று பயிற்சியாளர்களைக் கேட்டிருக்கிறார்கள். ஒருவர்கூடக் கெயரின் பெயரை எழுதவில்லை.

இந்தக் கதையைத் திறமையைக் கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு உதாரணமாகச் சொல்வார்கள். ஸ்டாப்பராக ஆடியவன் என்ற முறையில் எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. பதினைந்து வயதில் எல்லோர் கண்ணிலும் படுவது வேகமும் உதையும். ஒரு பையன் கழுத்தைத் திருப்பிப் பார்ப்பதை யார் குறித்துவைப்பார்கள்? அவன் சரியான இடத்தில் நின்றதால் எதிராளி பந்தையே அந்தப் பக்கம் அனுப்பாமல் விட்டான் என்பதை எந்தக் காகிதத்தில் எழுதுவது?

பத்தொன்பது வயதில், 2008இல், இத்தாலியின் பலெர்மோ அவரை வாங்கியது. கவானி முன்னால் ஆட, கெயர் பின்னால் நின்ற அந்த அணி 2009-10 சீசனில் லீக்கில் ஐந்தாவது இடம் பிடித்தது. சிசிலியின் அணிக்கு அது பெரிய இடம். அடுத்ததாக ஜெர்மனியின் வுல்ஃப்ஸ்பர்க் பெரும் தொகை கொடுத்து அவரை அழைத்துக்கொண்டது. அங்கே எல்லாம் சறுக்கியது. இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிவிடாமல் கடைசி நாள்வரை தத்தளித்துத்தான் அந்த அணி தப்பித்தது.

அடுத்த வருடம் ரோமாவுக்குக் கடனாக, அதாவது ஒரு சீசனுக்கு மட்டும் ஆட, போனார். 2011 அக்டோபரில் ரோம் நகரின் இரு அணிகளும் மோதும் ஆட்டம். ரோமா ஒரு கோல் முன்னிலையில் இருந்தபோது, கோலுக்கு முன்னாலுள்ள பெனால்டிப் பெட்டிக்குள் லாட்சியோ வீரர் புரோக்கியைப் பிடித்துத் தள்ளிக் கெயர் சிவப்பு அட்டை வாங்கினார். பெனால்டியில் லாட்சியோ சமன் செய்தது. ஆட்டம் முடியும் தறுவாயில் குளோசா அடித்த கோலில் ரோமா தோற்றது. அப்போது அவருக்கு 22 வயது. ரோம் நகரில் அந்த ஓர் ஆட்டத்தில் சொதப்பியவனை ஊர் அவ்வளவு எளிதில் மன்னிக்காது. அந்தப் பிழையை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். ஆள் தோளுக்குப் பின்னால் நழுவிப் போனதைக் கெயர் தாமதமாகத்தான் பார்க்கிறார். பார்த்த கணத்தில் கால் போதவில்லை, கை போய்விடுகிறது. இதைச் செய்த எல்லோருக்கும் அந்தக் கணம் தெரியும்.

அவர் தன்னை மீட்டெடுத்த இடம் பிரான்ஸின் லீல் நகரம் என்பது என் கணிப்பு. 2013இல் அங்கே போனார். அந்த இலையுதிர் காலத்தில் லீல் அணி தொடர்ந்து 11 லீக் ஆட்டங்களில் ஒரு கோல்கூட வாங்கவில்லை. நைஜீரியக் கோல்கீப்பர் என்யியாமா 1,062 நிமிடங்கள் வலையைக் காத்து, பிரெஞ்சு லீக் வரலாற்றில் தன் பெயரை எழுதிவைத்தார். புகழ் கோல்கீப்பருக்குப் போனது, தகுதியான புகழ்தான். ஆனால் அவருக்கு முன்னால் மார்கோ பாஷாவும் கெயரும் ஆடியதைப் பார்க்க நேர்ந்தவர்கள் பாக்கியசாலிகள். ஒருவர் பந்தை நோக்கி ஏறினால் மற்றவர் ஓரடி இறங்குவார். இருவருக்கும் இடையில் ஒரு கயிறு கட்டியிருப்பதுபோல இருக்கும். அந்த சீசனின் முடிவில் லீல் மூன்றாவது இடத்தைப் பிடித்தது.

பிறகு இஸ்தான்புல்லில் ஃபெனர்பாச்சே இரண்டு வருடம். ஸ்பெயினில் செவிய்யா. 2019 இலையுதிர் காலத்தில் கடனாக அதலாந்தா. அதலாந்தாவில் அவருக்கு ஆட்டமே அதிகம் கிடைக்கவில்லை. அந்த டிசம்பரில் அதே அதலாந்தா ஏசி மிலானை ஐந்துக்குப் பூஜ்யம் என்று நசுக்கியது. ஏறக்குறைய மூன்று வாரங்களில், நசுங்கிய மிலான் அதலாந்தாவின் பெஞ்சில் இருந்த முப்பது வயதுக்காரரைக் கேட்டு வாங்கியது. பெரிய கிளப் ஒன்று தடுமாறும்போது அவசரத்துக்குப் பிடித்துப் போடும் ஆள் என்றுதான் நானும் நினைத்தேன். என் கணிப்பு பொய்த்ததில் எனக்கு இன்றும் மகிழ்ச்சி.

கொரோனா இடைவேளைக்குப் பிறகு அந்த சீசன் முடியும்வரை மிலான் லீக்கில் ஓர் ஆட்டமும் தோற்கவில்லை. அந்தத் திருப்பத்துக்கு ஸ்லாத்தான் இப்ராகிமோவிச்சின் பெயரைத்தான் எல்லோரும் சொல்வார்கள். நான் கெயரின் பெயரையும் அதே மூச்சில் சொல்வேன். வுல்ஃப்ஸ்பர்க் கொடுத்ததில் ஒரு சிறு பங்கை மட்டும் கொடுத்து மிலான் அவரை நிரந்தரமாக்கிக்கொண்டது. 24ஆம் எண் சட்டை. பக்கத்தில் இளைஞர் டொமோரி வந்து சேர்ந்தபோது ஜோடி கச்சிதமாகப் பொருந்தியது. டொமோரி ஓடுவார், எங்கே ஓட வேண்டும் என்று கெயர் கை நீட்டிக் காட்டுவார். 2021 மார்ச்சில் மான்செஸ்டர் யுனைடெட் மைதானத்தில் கடைசி நிமிடத்தில் கார்னர் பந்தைத் தலையால் முட்டி 1-1 என்று சமன் செய்ததும் அவர்தான்.

இந்த இடத்தில் 32 வயதுக் கெயரை நிறுத்திவைத்து அந்த இரவுக்கு வருகிறேன்.

2021 ஜூன் 12, சனிக்கிழமை. கோபன்ஹேகனின் பார்க்கன் அரங்கில் டென்மார்க்கும் ஃபின்லாந்தும். ஒரு வருடம் தள்ளிப்போன யூரோ கோப்பை. நம் நேரத்துக்கு இரவு ஒன்பதரை. ஊரடங்கில் வீட்டுக்குள் கிடந்த நாட்கள் அவை. அப்பா கால்பந்து பார்க்கிறவர் இல்லை. தூக்கம் வராமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தார்.

இடைவேளைக்குச் சற்று முன்பு, இடதுபுறக் கோட்டருகே ஒரு த்ரோ. பந்து டென்மார்க்கின் நடுக்கள ஆட்டக்காரர் கிறிஸ்டியன் எரிக்சனை நோக்கி வருகிறது. அவர் இரண்டடி எடுத்து வைத்து, கையைக்கூட ஊன்றாமல் அப்படியே முன்னால் சரிந்தார். பந்து அவர் காலில் பட்டு உருண்டது. பக்கத்தில் எதிரி யாரும் மோதவில்லை. நடுவர் அந்தோணி டெய்லர் ஒரு நொடியும் வீணாக்காமல் விசில் ஊதி மருத்துவக் குழுவைக் கூப்பிட்டார். சக வீரர் டெலனி இரண்டு கைகளையும் வீசி அலறினார்.

அப்போது பின்னாலிருந்து ஒருவர் பாய்ந்து ஓடி வந்தார்.

அந்த ஓட்டத்தைத்தான் நான் சொல்ல வருகிறேன். பந்து இருக்கும் இடத்திலிருந்து தள்ளி நிற்பதுதான் ஸ்டாப்பரின் வேலை. பக்கத்தில் இருந்தவர்கள் என்ன நடந்தது என்று புரியாமல் உறைந்து நிற்க, தள்ளி நின்றவர் முதல் ஆட்களில் ஒருவராக அங்கே சேர்ந்தார். எரிக்சனைப் பக்கவாட்டில் சாய்த்து, மூச்சுப் பாதை அடைபடாமல் பார்த்துக்கொண்டார். 'நாக்கை விழுங்காமல் தடுத்தார்' என்று மறுநாள் செய்தித்தாள்கள் எழுதின. நாக்கை யாராலும் விழுங்க முடியாது. நினைவு தப்பும்போது நாக்கின் தசை தளர்ந்து பின்னால் சரிந்து மூச்சை அடைக்கும். ஆளைச் சாய்த்துத் தலையைச் சரியாக வைத்தால் வழி திறக்கும். அந்தச் சில விநாடிகளில் தேவைப்பட்டது அதுதான்.

அணியின் மருத்துவர் மார்ட்டன் போசன் வந்து சேர்ந்தபோது எரிக்சனுக்கு மூச்சும் நாடியும் இருந்ததாம். அடுத்த கணமே நிலைமை மாறியது, இதயம் நின்றது. நெஞ்சை அழுத்தத் தொடங்கினார்கள். மின்னதிர்ச்சிக் கருவி வந்தது. ஒரே ஒரு அதிர்ச்சியில் அவர் திரும்பி வந்தார்.

அதற்குள் கெயர் எழுந்து, சக வீரர்களைக் கூப்பிட்டு எரிக்சனைச் சுற்றி வட்டமாக நிற்க வைத்திருந்தார். கீழே கிடப்பவருக்கு முதுகைக் காட்டி, வெளியே பார்த்தபடி நின்றார்கள். பலர் அழுதுகொண்டிருந்தார்கள். சிலர் கண்ணை மூடிக்கொண்டார்கள். கேமராக்களுக்கும் அந்த உடலுக்கும் நடுவே சிவப்புச் சட்டைச் சுவர் ஒன்று எழும்பியிருந்தது. எரிக்சனின் துணைவி பார்வையாளர் பகுதியிலிருந்து இறங்கி மைதானத்துக்குள் வர, கெயரும் கோல்கீப்பர் காஸ்பர் ஷ்மைக்கேலும் ஓடிப்போய் அவரைப் பிடித்துக்கொண்டார்கள்.

"அந்த உயரமான பையன் யார்?" என்று அப்பா கேட்டார். "கேப்டன்" என்றேன். முப்பது வருடம் பஸ்ஸில் நடத்துநராக இருந்தவர் அவர். நெரிசலில் மயங்கி விழுந்தவர்களைச் சுற்றிக் கூட்டம் எப்படி மொய்க்கும் என்று அவருக்குத் தெரியும். "எல்லாரையும் வெளிப்பக்கம் பார்க்கச் சொல்லியிருக்கிறான் பார்" என்றார். அதற்குப் பிறகு எரிக்சனைத் தூக்கிக்கொண்டு போகும்வரை நாங்கள் இருவரும் பேசவில்லை. அரங்கத்தில் ஃபின்லாந்து ரசிகர்கள் 'கிறிஸ்டியன்' என்று குரல் கொடுக்க, டென்மார்க் ரசிகர்கள் 'எரிக்சன்' என்று பதில் கொடுத்தார்கள். அந்தக் குரல்களில்தான் என் தொண்டை அடைத்தது.

மருத்துவமனையில் எரிக்சன் கண் விழித்துப் பேசிவிட்டார் என்று தெரிந்தபின் அதே இரவில் ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். அன்று இரவே முடிப்பது, இல்லையென்றால் மறுநாள் மதியம் என்ற இரண்டு வழிகள் மட்டுமே வீரர்களின் முன் வைக்கப்பட்டன. எனக்கு அதில் இன்னும் கோபம் இருக்கிறது. நண்பன் கண்முன்னால் இறந்து பிழைத்ததைப் பார்த்தவர்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் வழிகளா அவை? ஃபின்லாந்தின் போயன்பாலோ 60ஆம் நிமிடத்தில் கோல் அடித்தார். மூன்று நிமிடங்கள் கழித்துக் கெயர் தானாகக் கேட்டு வெளியேறினார். அவரால் முடியவில்லை. பயிற்சியாளர் ஹ்யுல்மன்டும் அதை மறைக்கவில்லை. கெயரும் எரிக்சனும் நெருங்கிய நண்பர்கள், கெயர் ஆழமாகப் பாதிக்கப்பட்டிருக்கிறார் என்று சொன்னார். ஒரே மிலான் நகரில் ஒருவர் ஏசி மிலானுக்கும் இன்னொருவர் இன்டர் மிலானுக்கும் ஆடியவர்கள். அந்த மே மாதம்தான் எரிக்சனின் இன்டர் இத்தாலிய லீக் பட்டம் வென்றிருந்தது. கெயரின் மிலான் இரண்டாம் இடம்.

அவர் வெளியேறிய அந்த நிமிடத்தை யாரும் அதிகம் பேசுவதில்லை. எனக்கு அவர் ஓடி வந்த விநாடிகளுக்கு நிகராக அதுவும் மனதில் நிற்கிறது. வேலை முடியும்வரை நின்றார். முடிந்ததும் தன்னால் இதற்கு மேல் இயலாது என்று ஒப்புக்கொண்டு கேப்டன் பட்டையைக் கழற்றிக் கொடுத்தார்.

பெல்ஜியத்திடமும் தோற்று, ரஷ்யாவை 4-1, வேல்ஸை 4-0, செக் குடியரசை 2-1 என்று வென்று அரையிறுதிக்கு வந்தது டென்மார்க். ஜூலை 7, வெம்ப்ளி, இங்கிலாந்து. டென்மார்க்குக்காக டாம்ஸ்கார்ட் அடித்த ஃப்ரீ கிக் அந்தத் தொடரின் மிக அழகான கோல்களில் ஒன்று. 39ஆம் நிமிடத்தில் வலதுபுறத்திலிருந்து இங்கிலாந்தின் சாகா பந்தைக் கோலுக்குக் குறுக்கே தரையோடு தரையாக அனுப்பினார். கெயர் சறுக்கிக் காலை நீட்டினார். பந்து அவர் காலில் பட்டு வலைக்குள் போனது. சேம் சைட் கோல்.

நம் ஊரில் அந்தச் சொல்லையே ஒரு வசையாக வைத்திருக்கிறோம். சொந்தக் கட்சிக்கே குழி பறிப்பவனைச் சொல்லப் பயன்படுத்துகிறோம். அந்தக் கோலை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். கெயரின் தோளுக்குப் பின்னால் ஓரடி தள்ளி ஸ்டெர்லிங் வருகிறார். கெயர் காலை நீட்டாமல் விட்டிருந்தால் ஸ்டெர்லிங் கண்ணை மூடிக்கொண்டு தட்டியிருப்பார். நீட்டினால் பந்து வெளியே போக ஒரு வாய்ப்பு உண்டு. பந்து வருவதற்கு முன்பே அவர் ஸ்டெர்லிங்கைப் பார்த்துவிட்டார் என்பதால்தான் அந்தச் சறுக்கலே நடந்தது. ரோம் நகரில் 22 வயதில் தாமதமாகப் பார்த்தவர், வெம்ப்ளியில் 32 வயதில் சரியான நேரத்தில் பார்த்து, சரியானதைச் செய்து, கணக்கில் தன் பெயருக்கு எதிராகக் கோலை வாங்கிக்கொண்டார். கூடுதல் நேரத்தில் பெனால்டிப் பந்து தடுக்கப்பட்டுத் திரும்பியதை இங்கிலாந்தின் ஹாரி கேன் அடித்து டென்மார்க்கின் பயணத்தை முடித்தார்.

அந்த வருடம் ஐரோப்பியக் கால்பந்து சம்மேளனத்தின் தலைவர் விருது கெயருக்கும் மருத்துவக் குழுவுக்கும் சேர்த்து வழங்கப்பட்டது. உலகின் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலோன் தோர் பட்டியலில் அவருக்கு 18ஆம் இடம். அந்தப் பட்டியல் வெளியான அதே வாரம், டிசம்பர் 1 அன்று, ஜெனோவாவில் ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்களில் முழங்கால் தசைநார் அறுந்து ஸ்ட்ரெச்சரில் போனார். அவருக்கு அந்த சீசன் அதோடு முடிந்தது. மே மாதம் மிலான் 11 வருடங்களுக்குப் பிறகு பட்டம் வென்றபோது அவர் ஆடும் நிலையில் இல்லை. அவருடைய இடத்தில் இளைஞர் கலுலு டொமோரியோடு சேர்ந்து அற்புதமாக ஆடியிருந்தார்.

இதயத் துடிப்பு தவறினால் மின்னதிர்ச்சி தரும் கருவி நெஞ்சுக்குள் பொருத்தப்பட்டதால் இத்தாலியில் எரிக்சனை ஆட அனுமதிக்கவில்லை. இங்கிலாந்தில் பிரென்ட்ஃபோர்டு அவரைச் சேர்த்துக்கொண்டது. 2022 மார்ச் 26 அன்று, ஆம்ஸ்டர்டாமில், மாற்று ஆட்டக்காரராக டென்மார்க் சட்டையோடு இறங்கி இரண்டு நிமிடங்களுக்குள் கோல் அடித்தார். காயத்தால் கெயர் அந்த அணியில் இல்லை. அன்று அவருடைய 33ஆவது பிறந்தநாள்.

அந்த இரவுக்குப் பிறகு நான் செய்த ஒரே ஒரு உருப்படியான காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். ஊரடங்கு தளர்ந்ததும் அலுவலகத்தில் முதலுதவிப் பயிற்சி நடத்தினார்கள். பெயர் கொடுத்தேன். தரையில் ஒரு ரப்பர் பொம்மை. இடுப்புக்கு மேல் மட்டும். இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக நெஞ்செலும்பில் வைத்து, முழங்கை மடங்காமல், ஐந்து சென்டிமீட்டராவது இறங்கும்படி நிமிடத்துக்கு நூற்றிலிருந்து நூற்றிருபது தடவை அழுத்த வேண்டும். சரியாக அழுத்தினால் பொம்மைக்குள் 'டக்' என்று ஒலி கேட்கும். ஒன்றரை நிமிடத்தில் என் தோள் நடுங்கியது. இதயம் நின்ற ஆளுக்கு ஒவ்வொரு நிமிடத் தாமதத்திலும் பிழைக்கும் வாய்ப்பு ஏழு முதல் பத்து சதவீதம் குறையும் என்று பயிற்சி கொடுத்த செவிலியர் சொன்னார். அழுத்துவதற்கு முன் செய்ய வேண்டியது என்ன என்று எங்களைக் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. "சுற்றிப் பாருங்கள்" என்றார். "ஆபத்து இருக்கிறதா, உதவிக்கு யார் இருக்கிறார்கள், கூட்டத்தை யார் விலக்குவார்கள். முதலில் அதைப் பாருங்கள்." எங்கள் மாஸ்டரின் கை மறுபடி தோளில் பட்டதுபோல இருந்தது.

கெயர் மிலானில் 2024 மே மாதம் கடைசி ஆட்டம் ஆடி விடைபெற்றார். ஜூனில் ஜெர்மனியில் நடந்த யூரோ கோப்பைக்கான டென்மார்க் அணியில் பெயர் இருந்தது. ஆனால் வெஸ்டர்கார்ட், கிறிஸ்டென்சன், ஆண்டர்சன் மூவரும்தான் பின்வரிசையில் ஆடினார்கள். ஸ்லோவேனியாவுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் எரிக்சன் கோல் அடித்தார். ஜூன் 25, மியூனிக், செர்பியாவுடன் மூன்றாவது ஆட்டம். கோல் இல்லாமல் முடிந்தது. எரிக்சன் முழு வேகத்தோடு ஆடினார். கெயர் இறங்கவில்லை.

ஆட்டம் முடிந்தபின் டென்மார்க்குக்காக அதிக ஆட்டங்கள் ஆடியவர்களின் பட்டியலைத் தேடி எடுத்தேன். மூன்றாவது வரியில் பீட்டர் ஷ்மைக்கேல், 129. இரண்டாவது வரியில் சிமோன் கெயர், 132. முதல் வரி அன்று இரவுதான் மாறியிருந்தது. கிறிஸ்டியன் எரிக்சன், 133.